ஐம்பதைத் தாண்டினால் ஆடும் ஜீப்

செழியனுக்கு,

நேற்று போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஜீப் எப்போது தயாராகும் என்பது ஒன்று. சித்தப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தாயிற்றா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத் தயார் என்றேன். இரண்டாவது கேள்விக்கு, லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ பெருமூச்சு விட்டதுகூடக் கேட்டது. பதில் இல்லாததால் வைக்கவில்லை. ஒரே வாக்கியத்தில் சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய் என்பதால் வைத்தேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இதில் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்துக்குக் குதித்துப் போகாதே. நடுவில் இருப்பது, புது மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறப் போகிறவன் படிக்க வேண்டியது.

சித்தப்பா கை படாமல் பந்தக்கால் ஊன்றினால் அந்தப் பந்தலில் உட்கார மாட்டேன் என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது. என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் நேராகச் சொல்லி யாருக்கு என்ன நடந்திருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். மாப்பிள்ளையின் அப்பாவும் அவர் கூடப் பிறந்தவர்களும் சேர்ந்து பந்தக்காலைப் பிடிப்பது நம் வீட்டு வழக்கம். எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் வராவிட்டால் நான் தனியாகப் பிடிக்க வேண்டும். ஊரார் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்கு இல்லை. ஊராரைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். நீ உட்கார மாட்டேன் என்றதுதான் என்னை உறுத்தியது. நீ சொன்னால் செய்கிறவன். அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த ஜீப்பை உன் தாத்தா ஏலத்தில் எடுத்தார். வாய்க்கால் கரையில் ஏறி இறங்கவும், மழைக்காலத்தில் கடைமடை வயல் வரை போகவும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் போன பிறகு பாகப்பிரிவினை பேசினோம். ஊரில் இருக்கும் நஞ்சையும் ஜீப்பும் எனக்கு. வல்லம் பக்கத்து மேட்டு நிலமும் பம்ப்செட்டும் உன் சித்தப்பாவுக்கு. ஜீப்பைத் தனக்குக் கொடுத்துவிட்டு வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். என்னைவிட நன்றாக ஓட்டுகிறவனும் அவன்தான். நான் விடவில்லை. மூத்தவன், படித்தவன், அப்பா கடைசியில் என் வீட்டில்தான் இருந்தார் என்று என்னென்னவோ சொன்னேன். பிறகு மேட்டூர் திறக்காத வருஷங்களில் அவன் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கொட்டியது. என் நஞ்சை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் கணக்கையும் நான் மறந்துவிடவில்லை. எதையும் மறக்காதவன் என்று உன் அம்மா என்னைப் பற்றிச் சொல்வதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பேச்சு முடிந்து பத்திரம் பதிவாவதற்கு முன் ஒரு கோடை இடையில் இருந்தது. வயல் இன்னும் பொதுவில் இருந்தது, உளுந்து அறுப்பு. ஜீப் அந்தச் சமயம் அவன் கையில் இருந்தது. பதிவு நாளன்று அதை ஓட்டிக்கொண்டு வந்து சாவியை என்னிடம் கொடுத்தான். திரும்பும்போது நான் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது வரை ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் முன்பக்கம் ஆடத் தொடங்கியது. காலுக்குக் கீழே தகரம் நடுங்கியது, கியர்த் தண்டு கையில் நிற்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கே வந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: “எங்கடா கொண்டுபோய் இடிச்ச?” எங்கேயும் இடிக்கவில்லை என்றான். மதகில் மோதியிருக்கிறாய், அச்சு வளைந்திருக்கிறது, உனக்குக் கிடைக்காத பொருளை அழித்துக் கொடுக்கிறாய் என்றேன். மறுபடியும் இடிக்கவில்லை என்றான். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்து போனான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய்.

நீ மட்டும் அவன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாய். நம் ஊர் மண் கருப்பு. வல்லத்து மண் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் செருப்பு வாசலில் சிவப்பாகக் கிடக்கும். தீபாவளிக்கு முறுக்கு ஒரு டப்பா குறைவதும் தெரியும். அவன் டிராக்டரில்தான் நீ வண்டி ஓட்டப் பழகினாய் என்பதும் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை இல்லை, சொன்னால் நீ போவதை நிறுத்திவிடுவாயோ, நிறுத்தாமல் இருந்துவிடுவாயோ, இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜீப்பை நான் சும்மா விட்டுவிடவில்லை. தஞ்சாவூரில் நான் கொண்டுபோய் நிறுத்தாத ஒர்க் ஷாப் குறைவு. ஒருவர் டயர் மாற்றினார். ஒருவர் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள டை ராடு முனைகளை மாற்றினார். ஒருவர் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டில் இருக்கும் கிராஸ்களை மாற்றினார். இன்னொருவர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். அவரோடு அதன் பிறகு பேச்சு இல்லை. இப்போது யோசித்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியவில்லை, சொல்ல ஆசைதான். யாரிடமும் நான் நோயைச் சொல்லவில்லை. இது இடித்த வண்டி, என் தம்பி இடித்தான், அச்சு வளைந்திருக்கிறது என்று காரணத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். இடித்த வண்டிக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கல்லூரியில் அதிர்வும் அலைவும் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். துறைத் தலைவர் நாற்காலியை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்கு என் அளவுக்கு அலைவு தெரியாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் என் வீட்டு வாசலில் நின்ற அதிர்வை நான் ஒரு நாளும் பாடமாகப் பார்க்கவில்லை.

உன் முதல் வேலை நேர்முகத் தேர்வுக்குச் சென்னை ரயிலைப் பிடிக்கக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கும். அம்மா பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் ஆகிவிட்டது; நான் ஐம்பதுக்கு மேல் மிதித்தால் வண்டி ஆடுகிறது, குறைத்தால் ரயில் போய்விடும். ஸ்டேஷன் வரை உன் சித்தப்பாவைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். நாம் உள்ளே நுழையும்போது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. நீ கோபப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்பதுபோலச் சொன்னாய்: “அப்பா, வண்டி எப்ப ஆடுதுன்னு ஒரு தடவகூட நீங்க சொல்லல. யாரால ஆடுதுன்னுதான் சொல்லிட்டே வர்றீங்க.” பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீ மறந்திருந்தால் நல்லது.

போன மாதம் நீ ஜீப்பைக் கேட்டபோது அந்த வார்த்தை திரும்ப வந்தது. மலைச் சாலையில், கொண்டை ஊசி வளைவில், முன்பக்கம் ஆடுகிற வண்டியில் நீயும் கயலும் இறங்கி வருவதை நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஒர்க் ஷாப்புக்குப் போகவில்லை. கொட்டகையில் நிறுத்தி, முதல்முறையாகப் பார்ப்பதுபோல ஆரம்பித்தேன். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மலையில் உனக்கு இது தேவைப்படும்.

முதலில் எங்கே தெரிகிறது என்று பார். ஸ்டியரிங் கையில் ஆடினால் சக்கரத்தின் பக்கமோ ஸ்டியரிங்கின் பக்கமோ கோளாறு. ஸ்டியரிங் சும்மா இருக்க, தரையும் கியர்த் தண்டும் நடுங்கினால் சுழல்கிற ஷாஃப்டைச் சந்தேகப்படு. எனக்குத் தரைதான் நடுங்கியது, ஆரம்பத்திலிருந்தே. இத்தனை வருஷம் கால் சொன்னதை நான் கேட்கவில்லை. அடுத்தது எப்போது என்று பார். பள்ளத்தில் விழுந்ததும் திடீரென்று சக்கரங்கள் பேய் பிடித்ததுபோல ஆடி, நிறுத்தினால்தான் அடங்கும் என்றால் எங்கோ தேய்ந்து தளர்ந்திருக்கிறது. வேகம் கூடக் கூட மெதுவாக ஏறி வந்தால் அது வேறு. ஓடும்போது கிளட்சை மிதித்துப் பார். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் இன்ஜினை விட்டுவிடு, அது பாவம்.

பிறகு சக்கரம். ரிம்மின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார். நம் களிமண் அங்கே போய் அப்பிக் காய்ந்தால் செங்கல் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கை அளவு அப்பியிருந்தாலும் சக்கரம் உதறும். மலையில் களி இல்லை, ஆனால் அங்கே ஒரு மண் இருக்கும். முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டு. ஆட்டமும் பின்னால் போனால் சக்கரம்தான். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசை. அசைந்தால், கயலிடம் பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் அசைவு நின்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் சக்கரம் திரும்புகிற இடத்தில் உள்ள கிங் பின். இடமும் வலமுமாக அசைந்தால் டை ராடு. எனக்குப் பிரேக் மிதிக்க உன் அம்மா வந்தாள். என்ன செய்கிறோம் என்று கேட்டாள், சொன்னேன். இதெல்லாம் முதலிலேயே பார்க்க முடியாதா என்றாள். அதற்கும் சொன்னேன், பார்த்திருக்கலாம் என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சக்கரத்திலும் ஸ்டியரிங்கிலும் ஒன்றும் இல்லை. நூல் கட்டி அளந்து பார்த்தேன், அச்சு வளையவில்லை. எங்கேயும் இடித்த வடு இல்லை. அன்றைக்கு நான் கொட்டகையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இருந்தது முன் ஷாஃப்ட். முன் சக்கரம் ஒவ்வொன்றின் மையத்திலும் ஹப் லாக் என்று ஒரு திருகு இருக்கிறதல்லவா, அதைத் திறந்துவிட்டால் ஃபோர் வீல் போடாதபோது முன் ஷாஃப்ட் சுழலாது. அப்படி ஓட்டிப் பார்த்தால் கோளாறு ஷாஃப்டிலா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். நம் வண்டியில் இரண்டு பக்கமும் சேறு இறுகித் துருப்பிடித்து, பூட்டியபடியே நின்றுபோயிருந்தது. திறக்க முடியாவிட்டால் இன்னொரு வழி, ஷாஃப்டையே கழற்றிவிடுவது. பின் சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொள்ளும். கழற்றினேன்.

அந்த ஷாஃப்ட் ஒரே தண்டு இல்லை. இரண்டு துண்டு, பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். இரண்டு முனைகளிலும் கவை மாதிரி ஒரு பிடி; அதற்குள் கூட்டல் குறிபோலக் கிராஸ். இரண்டு கவைகளும் ஒரே போக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். தள்ளி மாட்டினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு உதறும். இதற்காகவே இரண்டு துண்டிலும் ஒரு அம்புக்குறி பொறித்திருப்பார்கள். கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு அம்புக்கு நேராக மற்றது இல்லை, ஒரு பல் தள்ளி இருந்தது. கிராஸ் மாற்றிய யாரும் துண்டுகளைப் பிரிக்கவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பிரித்து எடுத்தேன். தூசி மூடிக்கு உள்ளே, கிரீஸில் வெந்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கருப்பாக நார். நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உளுந்துக் கொடி. ஒரு காயின் தோல்கூட நசுங்கி ஒட்டியிருந்தது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. அறுத்த உளுந்தை ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று விடுகிற ஊர் நம்முடையது. கொடி அடியில் சுற்றிக்கொண்டு நின்றுபோன வண்டிகளை நீயும் பார்த்திருக்கிறாய். அந்தக் கோடையில் நம் உளுந்தின் மேல் இந்த ஜீப்பை ஓட்டியவன் அவன். ஷாஃப்டைக் கழற்றி, கொடியை அறுத்து எடுத்துவிட்டு, பல் தள்ளி மாட்டியிருக்கிறான். சொல்லாமல் சாவியைக் கொடுத்திருக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருஷம் சொன்னது சரி, அவன்தான் கெடுத்தான். நாரை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஷாஃப்டைப் பின்னால் போட்டுக்கொண்டு, கை கழுவாமல் வல்லத்துக்குக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று உன் அம்மா கேட்கவில்லை. ஓடி வந்து ஒரு தாம்பாளத்தைப் பின் சீட்டில் வைத்தாள். துணி மூடியிருந்தது, என்ன என்று நான் பார்க்கவில்லை.

சித்திரை வெயில். வாய்க்கால்கள் வறண்டு கிடந்தன. ஊர் எல்லையில் பாதி ரோட்டை அடைத்து உளுந்து பரப்பியிருந்தார்கள். நான் ஒதுங்கப் போனேன். குடையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கையை ஆட்டினார்: “ஒதுங்காதீங்க சார், மேல ஏத்திப் போங்க. உங்க வண்டிய நம்பித்தான் போட்டுருக்கு.” வண்டிக்கு அடியில் சுற்றும் என்றேன். “சுத்துனா எறங்கி அறுத்துட்டுப் போறது. அருவா வேணுமா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏற்றிக்கொண்டு போனேன். தஞ்சாவூரைத் தாண்டி, அவனிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பதிவு அலுவலக வாசலில் தொடங்கி, ரயில் போனது வரை. ஒரு இடத்தில் கண் தற்செயலாக வேகம் காட்டும் முள்ளில் பட்டது. அறுபதைத் தாண்டியிருந்தது. காலுக்குக் கீழே தகரம் அசையவில்லை. கியர்த் தண்டு அப்படியே நின்றது. எத்தனை நேரமாக இப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை. திட்டிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை.

அவன் பம்ப்செட் தொட்டி அருகே பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, நீ சொல்லவில்லை. ஜீப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. நான் காகிதத்தைப் பிரித்துத் தொட்டி விளிம்பில் வைத்தேன். குனிந்து பார்த்தான்.

“உளுந்து,” என்றான்.

எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். அவன் மறுக்கவில்லை. நம் வயல் திருப்பத்தில், சுற்றிய கொடி சைலன்சரில் உரசிப் புகைந்ததாம். நெருப்புப் பிடித்துவிடும் என்று பயந்து, கிடைத்த ஸ்பேனரால் நடு ரோட்டில் கழற்றி, அறுத்து எடுத்து மாட்டினானாம். திரும்பி வரும்போதே ஆடியதாம்.

“அப்ப ஏன்டா சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க இடிச்சன்னுதானே கேட்டீங்கண்ணே. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல, அத்தன பேர் முன்னால. இடிக்கலன்னேன். அத நம்பிருந்தீங்கன்னா அடுத்தது சொல்லிருப்பேன்.”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டியது அவன் கடமை. மலைச் சாலை என்ன, நம் கும்பகோணம் ரோட்டிலேயே உன்னையும் உன் அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் கவிழ்ந்திருக்கலாம். ஒரு ஆள் மூலமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். இதை அவனிடம் சொன்னேன். ஆமாம் என்றான். நான் அடுத்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். ஆமாம் என்று சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு, கொட்டகையிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தான்.

இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். இந்த வயதில் படுப்பது சுலபம், எழுவதுதான் கஷ்டம். அம்பும் அம்பும் நேராக வரும்படி செருகினோம். நேராக வந்ததா இல்லையா என்பதிலும் ஒரு வாக்குவாதம் வந்தது. அவன் சொன்னதுதான் சரி, அதை நான் சொல்லவில்லை, பிடித்துக்கொண்டேன். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தான். நட்டுகளை இறுக்கினோம். ஹப் லாக் இன்னும் பூட்டியேதான் இருந்தது, ஆகவே ஷாஃப்ட் சுழலும். சோதனைக்கு அதுதான் வேண்டும். சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். திருச்சி ரோட்டில் விட்டேன். ஐம்பது. அறுபது. எழுபதுக்குப் பக்கம். ஒன்றும் இல்லை. காற்றின் சத்தம்தான்.

திரும்பும்போது அவன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: “இப்ப ஆடல. இனிமே எதச் சொல்லித் திட்டுவீங்க?”

“ஒனக்கு வந்த பம்ப்செட்டும் மேடும் இருக்கு,” என்றேன்.

அவன் சிரித்தானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, செழியா. அது இருக்கிறது. அவன் பக்கமும் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு ஷாஃப்ட் சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுதினால் நீயே நம்ப மாட்டாய். அவன் சொல்லாமல் இருந்தது தப்பு என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் அந்தத் தப்பு எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறது. அது ஒரு பல் அளவு. மிச்சத்தை நான் போட்டு வளர்த்திருக்கிறேன்.

இறங்கும்போது பின் சீட்டைப் பார்த்தேன். துணி விலகி, தாம்பாளத்தில் உன் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம். குங்குமம் கொட்டி ஸ்பேனரில் ஒட்டியிருந்தது. எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டான், ஆனால் வாங்கவில்லை. உன் சித்தி வாசலுக்கு வந்திருந்தாள். அக்கா வரவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப எப்புடி வாங்கறது? ஜோடியா வந்து வைங்க. ஷாஃப்ட் மாட்ட வந்த கையோட பத்திரிகையா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. வழக்கத்தைச் சொன்னாள், அல்லது வழக்கத்தின் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கொஞ்சம் நிறுத்திவைத்தாள். இரண்டும் அவளுக்கு உரிமைதான். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதைத்தான் நேற்று போனில் சொல்ல முடியவில்லை. போனேன், வாங்கவில்லை என்று சொன்னால் நீ என்ன புரிந்துகொண்டிருப்பாய்?

நாளைக் காலை உன் அம்மாவும் நானும் போகிறோம். புதுத் தாம்பாளம், புதுக் குங்குமம். அவள் இப்போதே பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பந்தக்காலுக்கு அவன் வந்தால் நான் ஒரு பக்கம் பிடிப்பேன், அவன் ஒரு பக்கம் பிடிப்பான். பேசுவோமா என்று கேட்காதே. வராவிட்டால் அதையும் இதே மாதிரி எழுதித் தெரிவிப்பேன், அவன்மேல் பழி போடாமல். முயற்சி செய்கிறேன் என்றாவது வைத்துக்கொள்.

கயல் உன்னிடம் ஏதாவது சொல்லாமல் இருக்கிற நாள் வரும். அன்றைக்கு நீ ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதே. ரயில் போன அன்று நீ என்னிடம் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஹப் லாக்குகளை மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் திறந்துவிட்டேன். தார் ரோட்டில் திறந்தே வை. சேற்றில் இறங்கும்போது மட்டும் பூட்டு. முன் ஷாஃப்டில் வெள்ளைக் கோடு இருக்கும், பாதி ஒரு துண்டில், பாதி மறு துண்டில். மலையில் என்றைக்காவது அதைக் கழற்ற வேண்டி வந்தால், கோடு சேரும்படி மாட்டு. மாட்டிவிட்டு எனக்கு ஒரு போன் செய். எங்கே இடித்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

அப்பா